புற்றுநோயில் உடல் மெலிவு: காரணம் தேடிய வரலாறு

புற்றுநோய் உடல்நலிவு என்பது, புற்றுநோயாளி ஒருவரின் உடல் எடை, குறிப்பாகத் தசை, தொடர்ந்து குறைந்துகொண்டே போவதும், வழக்கமான உணவூட்டத்தால் மட்டும் அதை முழுமையாக மீட்க முடியாமல் இருப்பதுமான நிலை ஆகும். மருத்துவத்தில் இது கேக்கெக்சியா எனப்படுகிறது. 'கெட்ட' என்று பொருள்படும் காகோஸ், 'நிலை' என்று பொருள்படும் ஹெக்சிஸ் ஆகிய இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான சொல் இது.

நோயாளி மெலியும்போது வீட்டில் முதலில் எழும் கேள்வி, "சரியாகச் சாப்பிடுவதில்லையோ?" என்பதே. அடுத்து, "கட்டிதான் சாப்பாட்டை எல்லாம் தின்றுவிடுகிறதோ?" என்ற ஐயம் வரும். முதல் கேள்வியால் நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் குற்றவுணர்வுக்கு ஆளாகிறார்கள். இரண்டாவது ஐயத்தால் சிலர் நோயாளிக்குத் தேவையான உணவையே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவ உலகமும் இதே இரண்டு கேள்விகளை நூறாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி எவ்வழியாக நடந்தது, எங்கெங்கே தடம் மாறியது, இன்று எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பண்டைக் காலம்

ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில், வயிற்றில் நீர் கோத்து, கால்கள் வீங்கி, தோளும் மார்பும் தொடையும் கரைந்துபோகும் ஒரு நிலை விவரிக்கப்படுகிறது. அது உயிருக்கு முடிவு கட்டும் நிலை என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. புற்றுநோய்க்கு மட்டும் உரியதாக அது சொல்லப்படவில்லை. நாட்பட்ட நோய்கள் பலவற்றின் இறுதிக் கட்டம் ஒரே மாதிரியாகத் தோன்றுவதை அக்கால மருத்துவர்கள் கண்டிருந்தனர். கட்டிகளுக்கு நண்டைக் குறிக்கும் கார்கினோஸ் என்ற பெயரும் அந்நூல்களிலேயே காணப்படுகிறது.

கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், கரும்பித்தம் மிகுவதால் புற்றுநோய் உண்டாகிறது என்று விளக்கினார். இந்தக் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவத்தில் நிலைத்திருந்தது. உடலின் நீர்மங்கள் கெட்டுப்போனதன் வெளித்தோற்றமே கட்டி என்று கொண்டால், மெலிவுக்குத் தனிக் காரணம் தேட வேண்டிய தேவை எழாது. கெட்ட உடல், கட்டியையும் தரும், மெலிவையும் தரும். எனவே அக்காலத்தில் இது தனிக் கேள்வியாகவே எழவில்லை.

தமிழிலும் மெலிவை வைத்தே நோய்க்குப் பெயரிடும் வழக்கம் இருந்தது. காசநோய்க்கு எலும்புருக்கி நோய் என்றும் சயரோகம் என்றும் பெயர் வழங்கியது. ஆங்கிலத்திலும் காசநோயை உடலை உட்கொள்ளும் நோய் என்ற பொருளில்தான் அழைத்தனர். நுண்ணுயிரும் கட்டியும் கண்ணுக்குத் தெரியாத காலத்தில், கண்ணுக்குத் தெரிந்த மெலிவே நோயின் பெயராக அமைந்தது.

19 ஆம் நூற்றாண்டு: முன்னதா, பின்னதா?

19 ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களிடையே ஒரு பெரிய விவாதம் நடந்தது. புற்றுநோய் உடல் முழுவதையும் முதலில் பற்றிப் பிறகு ஓரிடத்தில் கட்டியாக வெளிப்படுகிறதா, அல்லது ஓரிடத்தில் தொடங்கிப் பிறகு உடல் முழுவதையும் கெடுக்கிறதா என்பதே அது. முதல் கருத்தை ஏற்றவர்களுக்கு உடல் நலிவு என்பது கட்டிக்கு முன்னரே உடலில் இருக்கும் கேடு. இரண்டாம் கருத்தை ஏற்றவர்களுக்கு அது கட்டியின் விளைவு.

இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. நலிவு முன்னதாக இருந்தால், கட்டியை அறுத்து எடுப்பதால் பயனில்லை. நலிவு பின்னதாக இருந்தால், உடல் கெடுவதற்கு முன்பே கட்டியை அகற்றினால் நோயாளி பிழைக்க வாய்ப்புண்டு. நோயாளியைக் கத்திக்கு உட்படுத்துவதா வேண்டாமா என்பதே இந்த விடையைப் பொறுத்திருந்தது.

ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1858 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிரணு நோயியல் குறித்த நூல், நோய்களின் இருப்பிடம் உடல் நீர்மங்கள் அல்ல, உயிரணுக்களே என்று நிறுவ முயன்றது. மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பின் அறுவை மருத்துவர்களும் துணிந்தனர். 1881 ஆம் ஆண்டு சனவரி மாதம் வியன்னாவில் தியோடர் பில்ரோத், இரைப்பையின் கீழ்வாய் புற்றுக்கட்டியால் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றினார். உண்டதை எல்லாம் வாந்தியெடுத்து மிகவும் மெலிந்திருந்த அவர், அறுவைக்குப் பின் மீண்டும் உண்ணத் தொடங்கினார். ஆனால் நோய் பரவியிருந்ததால் சில மாதங்களில் இறந்தார்.

இந்த ஒரு நோயாளியின் கதையிலேயே மெலிவின் இரண்டு வகைகளும் அடங்கியிருந்தன. உணவுப் பாதை அடைபட்டதால் வந்த மெலிவை அறுவை நீக்கியது. பரவிய நோயால் வரும் மெலிவை அதனால் நீக்க முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவத்துக்கு மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

அளந்து பார்க்கத் தொடங்கிய காலம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், உண்ணும் உணவில் எவ்வளவு நைட்ரசன் உள்ளது, சிறுநீரிலும் மலத்திலும் எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிடும் முறை ஜெர்மானிய ஆய்வகங்களில் வளர்ந்திருந்தது. புரதத்தில் நைட்ரசன் இருப்பதால், வரவைவிடச் செலவு மிகுந்தால் உடல் தன் சொந்தப் புரதத்தை, அதாவது பெரும்பாலும் தசையை, இழக்கிறது என்று பொருள். பிரீட்ரிக் ஃபான் முல்லர் 1889 ஆம் ஆண்டில் புற்றுநோயாளிகளிடம் இக்கணக்கைச் செய்து, அவர்கள் உடற்புரதத்தை இழந்துவருவதைக் காட்டினார். மெலிவு கண்ணால் பார்க்கும் அடையாளம் என்ற நிலையிலிருந்து எண்ணால் அளக்கும் பொருளாக மாறியது.

1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நோயியலறிஞர் ஷீல்ட்ஸ் வாரன், புற்றுநோயால் இறந்த 500 பேரின் பிணக்கூறாய்வு முடிவுகளை ஆராய்ந்தார். அவர்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு இறப்பின் நேரடிக் காரணமாக உடல்நலிவே பதிவாயிற்று. கட்டி முக்கிய உறுப்பை அழிப்பது, குருதிப்போக்கு, நோய்த்தொற்று ஆகியவற்றோடு மெலிவும் உயிரைப் பறிக்கும் தனிக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. இன்றும் இத்துறைக் கட்டுரைகள் பல இந்த ஆய்வைக் குறிப்பிடுகின்றன.

கட்டி தின்றுவிடுகிறதா?

1920களில் ஓட்டோ வார்பர்க், புற்றுத்திசு பெருமளவு குளுக்கோசை எடுத்துக்கொண்டு, போதிய ஆக்சிசன் இருக்கும்போதும் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது என்று கண்டறிந்தார். 1925 ஆம் ஆண்டில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர், ஓர் இறக்கையில் கட்டியுள்ள கோழிகளைக் கொண்டு இதனை உயிருள்ள உடலிலேயே காட்டினர். கட்டியுள்ள இறக்கையிலிருந்து திரும்பும் குருதியில், நலமான இறக்கையின் குருதியைவிடச் சர்க்கரை குறைவாகவும் லாக்டிக் அமிலம் மிகுதியாகவும் இருந்தது.

இந்த லாக்டிக் அமிலம் வீணாகிவிடுவதில்லை. கல்லீரல் அதை எடுத்து மீண்டும் குளுக்கோசாக்கிக் குருதியில் விடுகிறது. உழைக்கும் தசைக்கும் கல்லீரலுக்கும் இடையே நடக்கும் இதே சுழற்சிக்குக் கோரி சுழற்சி என்று பெயர். ஆனால் இதில் ஒரு நட்டம் உண்டு. ஒரு குளுக்கோசு மூலக்கூறு லாக்டிக் அமிலமாக உடையும்போது கிடைக்கும் ஆற்றல் 2 ஏடிபி. அதே லாக்டிக் அமிலத்தை மறுபடி குளுக்கோசாக்கக் கல்லீரல் செலவிடுவது 6 ஏடிபி. சுழற்சி ஒவ்வொன்றிலும் நோயாளியின் உடல் 4 ஏடிபி இழக்கிறது. 1968 ஆம் ஆண்டில் ஜோசப் கோல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், இந்த வீண்செலவே மெலிவுக்குக் காரணம் என்று முன்மொழிந்தார். கல்லீரலின் இந்த வேலையைத் தடுப்பதற்காக அவர் பரிந்துரைத்த ஹைட்ரசின் சல்ஃபேட் என்ற மருந்து பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. ஆனால் 1994 ஆம் ஆண்டில் வெளியான மூன்று சோதனைகளில் அதனால் பயனில்லை என்று தெரிந்தது.

புரதத்துக்கும் இதேபோன்ற ஒரு விளக்கம் இருந்தது. 1940களின் இறுதியில் பர்ரோஸ் மைடரும் உடன் ஆய்வாளர்களும், கட்டியுள்ள எலிகளில் கட்டி வளர வளர எலியின் பிற திசுக்கள் நைட்ரசனை இழப்பதைக் கண்டனர். போன நைட்ரசன் திரும்பி வராத ஒரு பொறியாகக் கட்டி செயல்படுகிறது என்ற கருத்து இதிலிருந்து பரவியது.

எலிகளின் கட்டி, சில சோதனைகளில் எலியின் எடையில் பெரும்பங்கு வரை வளரும். மனிதரில் அப்படி நடப்பதில்லை. மொத்த உடல் எடையில் மிகச் சிறு பங்கே உள்ள கணையக் கட்டியோ நுரையீரல் கட்டியோ கொண்ட ஒருவர் பத்து, பதினைந்து கிலோ எடையை இழக்கிறார். மாறாக, கருவுற்ற பெண்ணின் வயிற்றில் மூன்று கிலோ அளவுக்குக் குழந்தை வேகமாக வளர்கிறது. தாய் அதனால் உருக்குலைந்து போவதில்லை. கட்டி உண்ணும் அளவை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை.

பட்டினியும் நலிவும் ஒன்றல்ல

"சாப்பிடாததால் மெலிவு" என்ற விளக்கத்தைச் சோதிக்க, பட்டினி கிடக்கும் நலமான உடலில் என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டியிருந்தது. 1944–45 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தனர். தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஆனால் மறுபடி போதிய உணவு கிடைத்ததும் அவர்களின் உடல் மெல்ல மீண்டது.

1960களில் பாஸ்டனில் ஜார்ஜ் காஹில் நடத்திய ஆய்வுகள், நீண்ட பட்டினியில் உடல் தன்னைச் சிக்கனப்படுத்திக்கொள்வதை விளக்கின. முதல் சில நாட்களில் தசைப்புரதம் கரைந்து குளுக்கோசாகிறது. பின்னர் கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களை மூளை எரிபொருளாக ஏற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. அதனால் தசை கரைவது குறைகிறது, ஆற்றல் செலவும் குறைகிறது. உடல் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் காப்பாற்றுகிறது.

புற்றுநோய் உடல்நலிவில் இந்தச் சிக்கனம் சரிவர நடப்பதில்லை. கொழுப்பும் தசையும் ஒருசேரக் கரைகின்றன. பல நோயாளிகளில் ஓய்வு நிலையின் ஆற்றல் செலவு குறைவதற்கு மாறாகக் கூடிவிடுகிறது. குருதியில் அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதம் உயர்கிறது. கல்லீரல் இத்தகைய அழற்சிப் புரதங்களைச் செய்வதில் ஈடுபட, அதற்கான அமினோ அமிலங்கள் தசையிலிருந்து வருகின்றன. இன்சுலினுக்குத் தசை சரிவரக் கட்டுப்படுவதில்லை.

இதற்கான நடைமுறைச் சான்று நரம்புவழி உணவூட்டத்திலிருந்து கிடைத்தது. 1968 ஆம் ஆண்டில் ஸ்டான்லி டட்ரிக்கும் உடன் பணியாற்றியவர்களும், முழு ஊட்டத்தையும் சிரை வழியாகவே செலுத்தி நாய்க்குட்டிகளை வளர்க்க முடியும் என்று காட்டினர். விரைவிலேயே இம்முறை புற்றுநோயாளிகளுக்கும் வந்தது. வாய்வழி உண்ண முடியாததுதான் சிக்கல் என்றால், இது அந்தச் சிக்கலை முற்றிலும் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் 1989 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, வேதிச்சிகிச்சை பெறுவோருக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று அறிவித்தது. உயிர்காலம் நீளவில்லை, நோய்த்தொற்று மிகுந்தது என்பவை அதற்கான காரணங்கள். குடலடைப்பு போன்ற குறிப்பிட்ட நிலைகளில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

எடையிழப்பின் பொருள்

1980 ஆம் ஆண்டில் வில்லியம் டிவைசும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். வேதிச்சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நோயாளிகள் எவ்வளவு எடை இழந்திருந்தனர் என்பதை 3,047 பேரிடம் அவர்கள் ஆராய்ந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் எடை இழந்திருந்தனர். மெல்ல வளரும் நிணநீர்ப் புற்றுகளில் இது 31 விழுக்காடாகவும், இரைப்பைப் புற்றில் 87 விழுக்காடாகவும் இருந்தது. எடை இழந்தவர்களின் வாழ்நாள், இழக்காதவர்களின் வாழ்நாளைவிடப் பொதுவாகக் குறைவாக இருந்தது.

சிகிச்சை தொடங்கும் முன்பே எடை குறைந்திருந்தது என்பது இங்கு முக்கியமானது. மருந்தால் வரும் குமட்டல்தான் மெலிவுக்குக் காரணம் என்ற பொதுவான எண்ணம் முழு உண்மை அல்ல என்பதை அது காட்டியது.

குருதியில் பரவும் தூது

கட்டி உண்பதாலும் இல்லை, நோயாளி உண்ணாததால் மட்டுமும் இல்லை என்றால், வேறு என்ன? கட்டியிலிருந்தோ, கட்டிக்கு எதிராக உடலிலிருந்தோ ஏதோ ஒரு பொருள் குருதியில் கலந்து உறுப்புகளை மாற்றுகிறது என்பதே மூன்றாவது விடை. 1948 ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் நாகஹாராவும் ஃபுகுவோகாவும், புற்றுத்திசுச் சாறு எலிகளின் கல்லீரல் நொதி ஒன்றைக் குறைப்பதைக் கண்டு, அந்தப் பொருளுக்கு டாக்சோஹார்மோன் என்று பெயரிட்டனர். அப்பொருளைத் தூய வடிவில் பிரித்து நிறுவ முடியாததால் அக்கருத்து பின்தங்கியது.

1985 ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இக்கருத்துக்கு வலுவூட்டியது. இரண்டு எலிகளின் குருதியோட்டத்தை அறுவை மூலம் இணைத்து, ஒன்றில் மட்டும் கட்டியை வளர்த்தனர். கட்டி இல்லாத எலியிடமும் பசியின்மையும் மெலிவும் தோன்றின. குருதி வழியே ஏதோ கடந்து செல்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து ஒரு விடை வந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோனி செராமி, உறக்க நோயை உண்டாக்கும் டிரைப்பனசோமா வகை ஒட்டுண்ணி தாக்கிய முயல்களை ஆராய்ந்துவந்தார். அவை எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தபோதும் அவற்றின் குருதியில் கொழுப்பு மிகுந்திருந்தது. இருக்கும் கொழுப்பைத் திசுக்கள் சேமிக்க விடாமல் ஏதோ தடுக்கிறது என்று அவர் கருதினார். அந்தப் பொருளுக்கு, நலிவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே, கேக்கெக்டின் என்று பெயரிடப்பட்டது. அவரது ஆய்வகத்தில் புரூஸ் பியூட்லர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1975 ஆம் ஆண்டில் லாயிட் ஓல்ட் குழுவினர் கட்டிகளை அழிக்கும் பொருளாக அறிவித்திருந்த கட்டியழிவுக் காரணியும் இதுவும் ஒரே பொருள் என்பது 1985 ஆம் ஆண்டில் தெரியவந்தது.

இந்த ஒற்றுமை எதிர்பாராதது. கட்டியை எதிர்க்க உடல் சுரக்கும் பொருளே உடலையும் கரைக்கிறது. 1987 ஆம் ஆண்டில், இப்பொருளை இடைவிடாது சுரக்கும் உயிரணுக்களை எலிகளில் பொருத்தியபோது அவை மெலிந்து இறந்தன. 1992 ஆம் ஆண்டில், குடற்புற்றுள்ள எலிகளில் இன்டர்லியூக்கின்-6 என்ற மற்றோர் அழற்சித் தூதுப்பொருளை எதிர்ப்பொருள் கொண்டு தடுத்தபோது மெலிவு குறைந்தது.

எலியில் கிடைத்த வெற்றி மனிதரில் தொடரவில்லை. கட்டியழிவுக் காரணியைத் தடுக்கும் மருந்துகளான எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஆகியவை மூட்டழற்சி நோயில் நல்ல பலன் தந்தவை. புற்றுநோய் உடல்நலிவில் நடந்த சோதனைகளில் அவை பயன் தரவில்லை. தூதுப்பொருள் ஒன்றல்ல, பல. ஒன்றை அடைத்தாலும் மற்றவை வேலையைத் தொடர்கின்றன என்பது ஒரு விளக்கம்.

தசை எப்படிக் கரைகிறது?

தூது எதுவாயினும் அது தசையில் என்ன செய்கிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. உயிரணுக்கள் தேவையற்ற புரதத்துக்கு யூபிகுவிட்டின் என்ற சிறு அடையாளத்தை ஒட்டி, அதை நறுக்கும் கூட்டுக்கு அனுப்புகின்றன. இதைக் கண்டறிந்ததற்காக ஆரன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். 2001 ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள், தசை மெலியும்போது மிகுந்து செயல்படும் இரண்டு மரபணுக்களை அடையாளம் கண்டன. தசைப் புரதங்களுக்கு அந்த அடையாளத்தை ஒட்டுவதே அவற்றின் வேலை. புற்றுநோய், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு எனக் காரணம் எதுவானாலும் தசை கரையும் இறுதி வழி பெரும்பாலும் இதுவே.

1997 ஆம் ஆண்டில் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் இடும் மயோஸ்டாட்டின் கண்டறியப்பட்டது. 2010 ஆம் ஆண்டில், மயோஸ்டாட்டினும் அதன் உறவுப் பொருட்களும் தசையைச் சென்றடையாமல் தடுத்தபோது, புற்றுநோயுள்ள எலிகளின் தசை மீண்டது, அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. கட்டி சற்றும் சுருங்கவில்லை. தசையைக் காப்பதே உயிரை நீட்டிக்கும் என்பதை இந்தச் சோதனை காட்டியது. 2014 ஆம் ஆண்டில், வெள்ளைக் கொழுப்பு வெப்பத்தை வெளியிட்டு எரியும் பழுப்பு வகையாக மாறுவதும் ஆற்றல் வீணாவதற்கு ஒரு காரணம் என்று எலி ஆய்வுகள் தெரிவித்தன.

பசி அடங்குவது மூளையில்

நோயாளிக்கு உணவில் விருப்பமின்மை பிடிவாதமோ மனத்தளர்ச்சி மட்டுமோ அல்ல என்பதை அண்மைக்கால ஆய்வுகள் தெளிவாக்கின. 1997 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டு, இப்போது ஜிடிஎஃப்-15 எனப்படும் புரதம், கட்டியுள்ள எலிகளில் பசியை அடக்கி எடையைக் குறைக்கிறது என்று 2007 ஆம் ஆண்டில் தெரிந்தது. அதை ஏற்கும் வாங்கி எது என்பது அடுத்த பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 2017 ஆம் ஆண்டில் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்தன. அந்த வாங்கி மூளையின் பின்பகுதியில், குமட்டலையும் வாந்தியையும் கட்டுப்படுத்தும் இடத்தில் அமைந்துள்ளது. கெட்டுப்போன உணவை உண்டபின் உணவின் மேல் அருவருப்பு உண்டாவதுபோல, நல்ல உணவின் மேலும் நோயாளிக்கு அருவருப்பு உண்டாவதற்கு இது ஒரு காரணம்.

வரையறையும் மருந்துகளும்

இத்தனை ஆய்வுகள் நடந்தும், எந்த நிலையை உடல்நலிவு என்று அழைப்பது என்பதில் 2011 வரை பொது உடன்பாடு இல்லை. அவ்வாண்டில் எடின்பரோ நகர அறுவை மருத்துவர் கென்னத் ஃபியரன் தலைமையில் பன்னாட்டு வல்லுநர் குழு ஒரு வரையறையை வெளியிட்டது. அதன்படி ஆறு மாதங்களில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது உடல்நலிவு. ஏற்கெனவே ஒல்லியாக உள்ளவருக்கும், அதாவது உடல் நிறை எண் 20க்குக் கீழ் உள்ளவருக்கும், தசை குன்றியவருக்கும் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலே போதும். நலிவுக்கு முந்திய நிலை, நலிவு, மீளா நலிவு என மூன்று கட்டங்களையும் அக்குழு வகுத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் இழப்பது இந்த எல்லையைத் தாண்டுவதாகும். வெளிப்பார்வைக்கு அது பெரிதாகத் தெரியாது.

மருந்துகளில், மெஜெஸ்ட்ரால் அசிட்டேட் பசியைத் தூண்டி எடையைக் கூட்டுகிறது. ஆனால் கூடுவது பெரும்பாலும் கொழுப்பும் நீருமே, தசை அல்ல. 1999 ஆம் ஆண்டில் ஜப்பானியர் கண்டறிந்த பசி இயக்குநீரான கிரெலினைப் போலச் செயல்படும் அனமோரெலின், 2016 ஆம் ஆண்டில் வெளியான பெரிய சோதனைகளில் கொழுப்பற்ற உடல் எடையைக் கூட்டியது, கைப்பிடி வலிமையைக் கூட்டவில்லை. ஐரோப்பா அதற்கு ஒப்புதல் மறுத்தது. ஜப்பான் 2021 ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது.

தமிழ் வழங்கும் மண்ணிலிருந்தும் இவ்வரலாற்றுக்கு ஒரு பங்களிப்பு உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஓலன்சபின் மருந்தைச் சிறு அளவில், நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் கொடுத்துச் சோதித்தனர். இரைப்பை, கல்லீரல்–கணையம், நுரையீரல் புற்றுகளுக்கு வேதிச்சிகிச்சை பெற்ற 124 பேர் இதில் பங்கேற்றனர். 2023 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கு எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. மருந்துப்போலி பெற்றவர்களில் இது 9 விழுக்காடு மட்டுமே. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் அதே ஆண்டில் தன் வழிகாட்டுதலைத் திருத்தி இம்மருந்தைச் சேர்த்தது. விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் மாத்திரை ஒன்று இவ்விடத்தைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

2024 ஆம் ஆண்டில், ஜிடிஎஃப்-15 புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற எதிர்ப்பொருளின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவுகள் வெளிவந்தன. 187 நோயாளிகள் பங்கேற்ற அச்சோதனையில், மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களின் எடை 12 வாரங்களில் மருந்துப்போலி பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 கிலோ கூடியிருந்தது.

இன்றைய புரிதல்

புற்றுநோயாளி மெலிவதற்கு ஒரே காரணம் இல்லை. வாய்ப்புண், விழுங்க முடியாமை, குடலடைப்பு, வலி, சுவை மாற்றம், குமட்டல், மலச்சிக்கல், கவலை ஆகியவை உணவு உட்செல்வதைக் குறைக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு நேரடி மருத்துவம் உண்டு என்பதால் முதலில் கவனிக்க வேண்டியவையும் இவையே. இவற்றோடு, அழற்சித் தூதுப்பொருட்கள் மூளையில் பசியை அடக்கி, கல்லீரலின் வேலையை மாற்றி, தசையையும் கொழுப்பையும் கரைக்கின்றன. கட்டி எடுத்துக்கொள்ளும் சத்து இவற்றில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

வீடுகளில் எழும் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வரலாறு விடை தருகிறது. கட்டிக்குச் சத்து சேரக் கூடாது என்று சர்க்கரையையோ பாலையோ முட்டையையோ நிறுத்துவதால் கட்டி பட்டினி கிடப்பதில்லை. உண்ணும் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் தசையைக் கரைத்துக் குளுக்கோசைச் செய்துகொள்ளும். இழப்பு நோயாளிக்குத்தான். நீரிழிவு போன்ற வேறு காரணங்களுக்காக மருத்துவர் விதிக்கும் கட்டுப்பாடுகள் தனி. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றலும், 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,250 முதல் 1,500 கிலோகலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் ஆகும்.

அதேபோல், தட்டில் மிச்சம் வைக்கும் நோயாளியைக் கடிந்துகொள்வதற்கும், "நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்று உடனிருப்பவர் தம்மை நொந்துகொள்வதற்கும் மருத்துவ அடிப்படை இல்லை. பசியின்மை நோயின் பகுதி. சிறு அளவில் பலமுறை, நோயாளி விரும்பும் நேரத்தில், விரும்பும் உணவைத் தருவதும், இயன்ற அளவு நடக்கச் செய்வதும் பயனுள்ளவை. நோய் முற்றிய இறுதி நாட்களில் வற்புறுத்தி ஊட்டுவது உடலை மீட்பதில்லை, நோயாளிக்குத் துன்பத்தையே கூட்டும்.

வாரம் ஒருமுறை ஒரே எடைப்பொறியில், ஒரே நேரத்தில் எடை பார்த்து ஒரு தாளில் குறித்து வைத்து, அதை மருத்துவரிடம் காட்டுவது எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. நலிவுக்கு முந்திய கட்டத்தில் கண்டறிந்தால் செய்ய இயல்வது மிகுதி, மீளாக் கட்டத்தில் குறைவு. மெலிந்த தோற்றம் கண்ணுக்குப் படும்போது பெரும்பாலும் முதல் கட்டம் கடந்திருக்கும். அதனால்தான் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எண்ணால் பதிவு செய்வது இன்றும் இந்நோயில் முதல் வேலையாக உள்ளது.